ரெண்டு பக்கமும்

'உடல்நலக் குறைவால் பாதிக்கப்பட்டு'ன்னா எழுதியிருக்கிய? அதை அடிங்கக்கா. எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் வரல. எடுத்தாவ. என் வயித்துல இருந்து மூணு எடுத்தாவ. ஒண்ணைச் சொல்லி எடுத்தாவ, ரெண்டைச் சொல்லாம எடுத்தாவ. அப்படியே எழுதுங்க. மனுவுல அப்படி எழுதக் கூடாதுன்னா ஒங்க வழக்கப்படி மாத்திக்கிடுங்க. ஆனா மூணுங்கிறது மூணாவே இருக்கணும்.

சத்தம் போடலக்கா. என் சத்தமே இப்படித்தான். பதினேழு வயசுல இருந்து உப்பளத்துல நிக்கேன். அந்தக் காத்துல கத்திக் கத்திப் பேசிப் பழகின தொண்டை. கேட்டுல நிக்க போலீஸ்காரரு ரெண்டு தடவை திரும்பிப் பாத்துட்டாரு. பாக்கட்டும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனு எழுத வாரவ சிரிச்சுக்கிட்டா வருவா?

மொதல்ல இருந்து சொல்லுதேன். வேண்டியதை எழுதிக்கிடுங்க.

எனக்கு அப்போ இருபத்தொம்பது. பயலுவ ரெண்டு பேரு, குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு. மாசாமாசம் தூரமானா நாலு நாள்ல நின்னுரும். அந்த வருஷம் பாத்துக்கிடுங்க, ஒம்பது நாளு, பத்து நாளு போவுது. கட்டி கட்டியாப் போவுது. உப்பளத்துல ஒதுங்க எடம் கெடையாது. கண்ணுக்கு எட்டுன மட்டும் உப்புப் பாத்தியும் வெயிலும்தான். காலையில வச்ச துணி வேலை முடியுத வரைக்கும். உப்புத்தண்ணி தெறிச்சுத் தொடை ரெண்டும் வெந்து போவும். அந்தத் தொடையோட தலையில உப்புப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, குவிச்சு வைக்க அம்பாரத்துக்கு நடக்கணும். எதுக்க ஆம்பளைய வருவாவ. சேலையில பட்டிருக்குமோ, பட்டிருக்குமோன்னே நடப்பேன்.

டவுன்ல பாலத்துக்குப் பக்கத்துல ஒரு நர்சிங் ஹோம். அதுக்குத்தான் போனேன். ஸ்கேன் எடுத்தாவ. டாக்டரு படத்தைத் தூக்கிப் பாத்துட்டு, "கர்ப்பப்பை புண்ணாயிருக்கு. இப்படியே விட்டா கேன்சராயிரும். பிள்ளைதான் ரெண்டு இருக்கே, இனி அதை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற?"ன்னு கேட்டாரு.

நானும் யோசிச்சேன். என்ன செய்யப் போறேன்? ஒண்ணும் செய்யப் போறதில்ல. எடுத்துருங்கன்னுட்டேன். இதை எழுதுங்க, நான் மறைக்கல. பையை எடுக்க நான் சரி சொன்னேன்.

எடுத்த பெறவு எனக்குச் சந்தோசம்க்கா. நெசமாத்தான். துணி இல்ல, கறை இல்ல, முப்பது நாளும் வேலைக்குப் போவலாம். பாக்கவ கிட்டல்லாம் சொன்னேன். 'ஏளா, எதுக்குக் கெடந்து அவதிப்படுத? எடுத்துத் தூரப் போடு'ன்னேன். என் தம்பி முத்துமாலை பொண்டாட்டி சுயம்புக்கனியும் நானும் ஒரே பாத்தியில ஜோடி போட்டு வேலை பாப்போம். அவளுக்கு மாசத்துல நாலு நாள் எந்திரிக்கவே முடியாது, அப்படி வலி. அவ வரலன்னா அவ பாத்தியையும் நான்தான் வாரணும். கங்காணி என்னையத்தான் ஏசுவான். அவளையும் ரெண்டு வருஷம் கழிச்சு அங்கேயே கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன். அவளுக்கும் அதே ஆபரேசன்தான். அது வேற கதை. அது இந்த மனுவுக்கு வேண்டாம்.

என் கதைக்கு வாரேன். ஆபரேசன் முடிஞ்சு ரெண்டு மாசத்துல ஆரம்பிச்சுது. நெஞ்சுக்குள்ள இருந்து ஒரு அனல் கெளம்பும். அப்படியே கழுத்து, காது, மூஞ்சி, உச்சந்தலை வரைக்கும் ஏறும். வேர்த்து ஊத்தும். அஞ்சு நிமிசத்துல குளிரும். உப்பளத்து வெயில்தான் ஒடம்புல ஏறிட்டுன்னு நெனைச்சேன். மழை பெய்யும்போதும் வந்துச்சு. அப்பவும் வெயில்னுதான் நெனைச்சேன்.

தூக்கம் போச்சு. கோவம் வந்துச்சு. என்னன்னு தெரியாத கோவம். சின்னவன் தட்டைக் கீழ போட்டான்னு அடிச்சேன், கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சு போச்சு. கூட வேலை பாக்கவளுவ எனக்குக் கொள்ளிவாயின்னு பேரு வச்சாளுவ. எங்க வீட்டுக்காரரு பக்கத்துல வந்தா எரியும். ஒங்க கிட்டச் சொல்லுததுக்கு என்ன, உள்ள காஞ்சு போயி எரியும்க்கா. எனக்கு அவரைப் பிடிக்கலன்னு அவரு நெனைச்சுக்கிட்டாரு. நானும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டேன்.

இப்படியே பதினோரு வருஷம்.

போன ஆடியில ஒரு நாள் குடத்தை இடுப்புல வைக்கத் தூக்குனேன். ஒரு குடம் தண்ணி, அவ்வளவுதான். கை மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. விழல, இடிக்கல. பெரியாஸ்பத்திரியில எலும்பு டாக்டரு மாவுக்கட்டு போட்டுட்டு, "நாப்பது வயசு எலும்பு மாதிரி இல்லியே, எழுவது வயசு எலும்பு மாதிரில்ல இருக்கு"ன்னு சொல்லி, பொம்பளை டாக்டர் கிட்ட அனுப்புனாரு. அந்த டாக்டரம்மாவுக்கு என்னையவிடப் பத்து வயசு கம்மியா இருக்கும்.

"பீரியட் எத்தனை வயசுல நின்னுச்சு?"

"நிக்கல. இருபத்தொம்பதுல எடுத்தாச்சு."

"கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாங்களா, சினைப்பையையும் எடுத்தாங்களா?"

"அதுக்குள்ளதான எல்லாம் இருக்கும்?"ன்னேன்.

அவ்வளவுதான், அந்தம்மா பேனாவைக் கீழ வச்சிட்டாவ. "பழைய பைல் இருக்காம்மா?"ன்னு கேட்டாவ. டிரங்குப் பெட்டியில அடியில கெடந்துச்சு. மறுநாள் கொண்டு போனேன். ஒவ்வொரு தாளாப் புரட்டுனாவ. ஒரு தாள்ல நின்னாவ. அதை ரெண்டு தடவை வாசிச்சாவ.

"ரெண்டு பக்கமும் எடுத்திருக்கும்மா"ன்னாவ.

"என்னது ரெண்டு பக்கம்?"

மருந்துச் சீட்டைத் திருப்பி, பின்னால படம் போட்டாவ. நடுவுல கர்ப்பப்பை, ஒரு கொய்யாக்காயைத் தலைகீழாத் தொங்கவிட்ட மாதிரி. அதுக்கு மேல ரெண்டு பக்கமும் குழாய் போவுது, ஒரு ஆளு கையை விரிச்சிக்கிட்டு நிக்காப்ல. அந்தக் கை முடியுத எடத்துல, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு, பாதாம் பருப்புத் தண்டியில. அதுதான் சினைப்பையாம். "இது தனி, அது தனிம்மா. இதுல நோவுன்னா அதை எடுக்கணும்னு இல்ல"ன்னாவ.

மாசாமாசம் அந்தப் பருப்புக்குள்ள நெறைய முட்டை வளரப் பாக்குமாம். கடைசியில ஒண்ணுதான் முழுசா வளருமாம். தூரமான நாள்ல இருந்து எண்ணுனா பதினாலு நாளு வாக்குல அது வெடிச்சு வெளிய வருமாம், ஆளுக்கு ஆளு முன்னப் பின்ன இருக்கும். குழாய் நுனி அதை விரல் மாதிரி வாங்கிக்கிடும். இங்க பைக்குள்ள அதுக்குன்னு மெத்தை போட்டிருக்கும். கரு வந்தா தங்கும். வரலன்னா அந்த மெத்தை கழண்டு வெளிய வந்துரும். அதுதான் தூரம். அவ்வளவுதான். அது அழுக்கும் இல்ல, கெட்ட ரத்தமும் இல்ல. அடுத்த மாசம் திரும்பவும் புது மெத்தை.

எனக்கு அழுகை வரலக்கா, ஆத்திரம்தான் வந்துச்சு. ரெண்டு பிள்ளை பெத்தவ, நாப்பது வயசு. என் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தி படம் போட்டுக் காட்டுதா, அதுவும் எடுத்துப் போட்ட பெறவு! நான் பத்தாவது வரைக்கும் படிச்சவதான். அந்தப் பாடம் வந்தப்போ டீச்சரு, 'இதை வீட்ல படிச்சுக்கிடுங்க'ன்னுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாவ. பசங்க சிரிச்சானுவ. நாங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டோம். வீட்ல எவ படிச்சா? அந்தப் பக்கத்தைத் திறந்து வச்சிருந்தா எங்க அய்யா கையை ஒடிச்சிருப்பாரு. அன்னைக்கு ஒடியாத கை இன்னைக்கு ஒடிஞ்சுது.

இன்னொரு தாளு இருந்துச்சு. எடுத்ததை வெட்டிச் சோதிச்சுப் பாத்த ரிப்போர்ட்டாம். டாக்டரம்மா அதைத் தமிழ்ல சொன்னாவ. கர்ப்பப்பையில கேன்சருக்கு உண்டான அடையாளம் ஒண்ணும் இல்ல. சினைப்பை ரெண்டும் நல்லா இருக்கு. வலது பக்கத்துல, அந்த மாசம் முட்டை வெளிய வந்த தடம் இருக்கு. மஞ்சளா.

கேட்டியளா? அந்த மாசமும் அது வேலை பாத்திருக்குக்கா! நான் ஆபரேசனுக்குப் போயிப் படுத்திருக்கேன், அது பாட்டுக்கு முட்டையை வளத்து வெளிய அனுப்பிட்டு இருந்திருக்கு. வேலை செஞ்சுக்கிட்டு இருந்ததைத்தான் வெட்டி எடுத்திருக்காவ.

எலும்புக்கு, தூக்கத்துக்கு, ஒடம்புச் சூட்டுக்கு வேண்டியதெல்லாம் அதுல இருந்துதான் சொரக்குமாம். அம்பது வயசு வரைக்கும் சொரந்திருக்கும்னாவ. "மொதல்ல மாத்திரை குடுத்துப் பாத்திருக்கலாம். எடுத்தே ஆவணும்னாலும் பையை மட்டும் எடுத்திருக்கலாம். எடுத்த பெறவாவது அதுக்கு ஈடா மாத்திரை குடுத்திருக்கணும்"னு வரிசையாச் சொல்லுதாவ. நான் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன். வெயில்னு நெனைச்சேனே. சின்னவனை அடிச்சேனே. அதெல்லாம் யாரு கிட்டப் போயித் திருப்பிக் கேக்க?

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரரு கிட்டக் கேட்டேன். லிங்கதுரை அவரு பேரு. சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு.

"அன்னைக்கு ஆபரேசனுக்கு நீருதான கையெழுத்துப் போட்டீரு? சினைப்பையையும் எடுக்கப் போறோம்னு ஒம்ம கிட்டச் சொன்னாவளா இல்லியா?"

அவரு சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே சொன்னாரு. "ஏளா புஷ்பம், அந்தாளு வெளிய வந்து, 'எல்லாத்தையும் சேத்தே எடுத்துரவா, திரும்பத் திரும்ப வயித்தைக் கிழிக்க வேண்டாம்ல?'ன்னு கேட்டாரு. சரின்னேன்."

"எல்லாத்தையும்னா என்னன்னு கேட்டீரா?"

"எனக்கு என்ன தெரியும்? பெரிய டாக்டரு கேக்காரு. தாளை நீட்டுனாரு. இங்கிலீசுல இருந்துச்சு. போட்டேன்."

"பதினோரு வருஷமா நான் வெந்துக்கிட்டு இருக்கேனே, ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலியா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"ன்னாரு.

எனக்கு என்ன தெரியும், எனக்கு எப்படித் தெரியும். இதே பாட்டு! தட்டை எடுத்து முத்தத்துல வீசிட்டேன். வாசிக்காமக் கையெழுத்துப் போடுதது என்ன ஞாயம்? என் ஒடம்புக்கு இவரு யாரு சரி சொல்ல? அதனாலதான் சொல்லுதேன், மனுவுல எதிரின்னு மொதல்ல டாக்டரைப் போடுங்க, ரெண்டாவது எங்க வீட்டுக்காரரைப் போடுங்க. வேண்டாம்னு சொல்லாதீங்கக்கா. 'குடும்பத்துக்குள்ள இருக்கத எதுக்கு'ன்னு கேக்காதீங்க. வெட்டுனவனுக்கு எவ்வளவு குத்தமோ, வாசிக்காமக் கையெழுத்துப் போட்டவனுக்கும் அவ்வளவு குத்தம். தெரியாதுன்னா கேட்டிருக்கணும். வாய் இல்லியா?

எழுதிட்டியளா? சரி.

பெறவு போன புதன்கிழமை நர்சிங் ஹோமுக்கே போனேன். அந்த டாக்டரு இப்போ கெழவராயிட்டாரு, ஆனா உக்காந்துதான் இருக்காரு. பைலை அவரு மேசையில போட்டேன்.

"நல்லா இருந்ததை எதுக்குவே எடுத்தீரு?"

மரியாதை பாக்காம வே போட்டுத்தான் கேட்டேன். நர்சம்மா ஓடி வந்தா. அவரு அசையல. "ரத்தம் நிக்கல, நிக்கலன்னு அழுதுக்கிட்டு வந்தியா இல்லியாம்மா? ஒனக்கு நல்லதுதான் செஞ்சேன். பின்னால அதுல கட்டி வந்தா யாரு பாக்க? ஒன் வீட்டுக்காரன் சம்மதம் எழுதிக் குடுத்திருக்கான்"னாரு.

"என் கிட்டக் கேட்டீரா?"

என்னைய உத்துப் பாத்தாரு. "நீ இன்னொரு பிள்ளையைக் கூட்டிட்டு வந்தல்ல?"ன்னாரு. நர்சம்மாவை உள்ள அனுப்பி ஒரு பழைய பைலை எடுத்துட்டு வரச் சொன்னாரு. அதுல ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளுனாரு. "இந்தப் பிள்ளைக்கும் ரெண்டு பக்கமும்தான் எடுத்தேன், யாரு சம்மதம் குடுத்தான்னு பாரு. அது கிட்ட யாரு கேட்டா?"

சுயம்புக்கனி, வயசு இருபத்தஞ்சு. அடியில உறவினர் கையெழுத்து. உறவுமுறை, நாத்தனார். என் கையெழுத்து.

என்னக்கா பாக்கிய? எழுதாதீங்க. நான் சொன்னேன்லா, இது இந்த மனுவுக்கு வேண்டாம்னு. என் தம்பி அப்போ மும்பையில கடையில நின்னான். வேற யாரு போட? 'யாராவது வந்து கையெழுத்துப் போடுங்க, தியேட்டர் ரெடியாயிட்டு'ன்னு அவசரப்படுத்துனாவ. இங்கிலீசுத் தாளு. எனக்கு என்ன...

சரி விடுங்க.

அவளுக்கு ஒரே ஒரு பொட்டப்பிள்ளைதான் அப்போ. இன்னொண்ணு வேணும்னுதான் இருந்தா. 'மைனி, மாத்திரை தின்னு பாக்கேனே, கொஞ்ச நாள் போவட்டுமே'ன்னு சொல்லிக்கிட்டுதான் இருந்தா. நான்தான், 'கேன்சரு வந்தா இருக்க பிள்ளையை யாரு பாப்பா'ன்னேன். நல்லதுக்குத்தானக்கா சொன்னேன்? எனக்கு டாக்டரு சொன்னதைத்தான் அவளுக்குச் சொன்னேன். கங்காணி ஏசுனது வேற விசயம். அதுக்காகச் சொல்லல. அதுக்காகவும்தான் வச்சுக்கிடுங்களேன், நாலு நாள் ரெண்டு பாத்தியை ஒத்தையில வாரிப் பாருங்க, தெரியும்.

இப்போ அவளுக்கு முப்பத்துநாலு. பாத்தா அம்பது சொல்லுவிய. முதுகு கூனிட்டு. பஸ்சுல குலுக்குனா இடுப்பைப் புடிச்சிக்கிட்டு அழுதுருவா. வேலைக்கு வராம நாலு வருஷமாச்சு. நான் என்ன நெனைச்சேன், சோம்பேறின்னு நெனைச்சேன். வாய்விட்டே சொல்லியிருக்கேன்.

மூணு நாள் அவ வீட்டுப் பக்கமே போவல. நேத்து ஞாயித்துக்கிழமை போனேன். சொல்லாம எப்படி இருக்க? டாக்டரம்மா போட்ட படத்தை எடுத்துட்டுப் போயி அவ முன்னால விரிச்சேன். கொய்யாக்காய், குழாய், பருப்பு, மெத்தை, பதினாலு நாளு, எல்லாம் சொன்னேன். எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். 'ரெண்டு பக்கமும் எடுத்துட்டான் பாவி. ஒனக்கும் எடுத்துட்டான். நாளைக்குக் கலெக்டர் கிட்ட மனு குடுக்கப் போறேன், ஒன் பேரையும் சேத்துக்கிடுதேன்'னேன்.

அவ அந்தப் படத்தைக் கையில எடுத்து ரொம்ப நேரம் பாத்தா. விரலை வச்சு அந்த ரெண்டு பருப்பையும் தொட்டா. அப்புறம் கேட்டா, "எனக்கு யாரு மைனி கையெழுத்துப் போட்டா?"

பொய் சொல்லியிருக்கலாம்க்கா. அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"நான்தான்"னேன்.

"வாசிச்சியளா?"

"இங்கிலீசு."

"கேட்டியளா?"

"அவசரப்படுத்துனாவ"ன்னேன்.

"என்னைய உள்ள தள்ளிட்டுப் போவும்போது ஒங்க கையைப் புடிச்சேன் மைனி. பயமாருக்குன்னேன். 'நான் வெளியதான நிக்கேன், எல்லாம் பாத்துக்கிடுதேன்'னு சொன்னிய"ன்னா. ஏசல. அழுவல. அவ எப்பவுமே மெதுவாத்தான் பேசுவா. "ஒங்க மனுவுல என் பேரு வேண்டாம். நான் தனியாக் குடுக்கேன். அதுல டாக்டரு பேரு வரும். ஒங்க பேரும் வரும்"னா.

எனக்கு எப்படி ஆத்திரம் வந்துச்சு தெரியுமா! என் பேரா? கூடப் பொறந்தவன் பொண்டாட்டின்னு கூட்டிட்டுப் போயி, ஆஸ்பத்திரியில பதினோரு நாள் கூட இருந்து, மூத்திரப் பையை மாத்துனது யாரு? கஞ்சி ஊட்டுனது யாரு? அந்தக் கசாப்புக்காரன் பேரும் என் பேரும் ஒரே தாள்லயா? வாய்க்கு வந்ததெல்லாம் ஏசிட்டு வந்துட்டேன். தெருவே எட்டிப் பாத்துச்சு.

வீட்டுக்கு வந்தா எங்க வீட்டுக்காரரு வாசல்ல உக்காந்திருக்காரு. எல்லாம் அவரு காதுல விழுந்திருக்கு. ஒரு வார்த்தை பேசல அந்த மனுசன். 'பாத்தியா'ன்னு கேட்டிருந்தாக்கூட நான் சண்டை போட்டிருப்பேன். எந்திரிச்சு எனக்கு வழி விட்டாரு. அதுதான்க்கா எனக்குத் தாங்கல.

அந்தா, வேப்பமரத்துக்குக் கீழ பெஞ்சுல இருக்காளே, நீலச் சேலை, ஒரு கையை இடுப்புல ஊணிக்கிட்டு. அவதான் சுயம்பு. காலையில ஒரே பஸ்சுலதான் வந்தோம். அவ முன்வாசல்ல ஏறுனா, நான் பின்வாசல்ல. ஒவ்வொரு குழிக்கும் அவ கண்ணை மூடிக்கிட்டா. பாத்துக்கிட்டே வந்தேன். அவளுக்கு எழுதுதது அந்த மொட்டைத் தலைக்காரருல்லா? அவரு என்னமோ கேக்காரு, அவ தலையை ஆட்டுதா. என்ன கேக்காருன்னு எனக்குத் தெரியும். எதிரி பேரு, முகவரி கேப்பாரு.

அவளுக்கு என் முழுப்பேரு தெரியாது. பதினாலு வருஷமா மைனி, மைனின்னே இருந்துட்டா. மிஞ்சிப் போனா புஷ்பம்னு சொல்லுவா. எங்க தெருவுல மட்டும் புஷ்பம் மூணு பேரு இருக்காளுவ.

ஒரு துண்டுத் தாளு இருந்தா எடுங்கக்கா. தங்கபுஷ்பம். கணவர் பெயர் லிங்கதுரை. நடுத்தெரு, உப்போடைக்கரை. தெளிவா எழுதுங்க. நான் போனா எந்திரிச்சுப் போயிருவா, நீங்களே கொண்டு போயி அந்த ஆளு கிட்டக் குடுத்துருங்க. பேரு தப்பா இருந்தா மனுவைத் திருப்பி விட்டுருவாவ. இன்னொரு தடவை இம்புட்டுத் தூரம் பஸ்சுல வர அவ இடுப்பு தாங்காது.